கரண்டு குறைந்த வாரம்

எனக்கு ஆஸ்பத்திரி வேலை என்றாலே எரிச்சல் வரும். மில் என்றால் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உள்ளே இறங்கலாம். காலேஜ் என்றால் லீவு விடும்வரை காத்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் எந்த சுவிட்சைத் தொடப்போனாலும் ஒரு நர்ஸ் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவாள். அதனால் சங்கரன்கோவிலில் இருந்து ஷம்சாத் பேகம் போன் செய்தபோது, முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"டயாலிசிஸ் இங்கனயே வரணும்னு ஊரே காத்துக் கெடக்கு மேடம். மிஷின் தர ஆள் ரெடி, டாக்டர் ரெடி. கட்டடத்துக் கரண்டு தாங்குமான்னு நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் டிரஸ்டுல சம்மதிப்பாங்களாம்" என்றார் அவர். அந்த ஆஸ்பத்திரியின் மேனேஜர். குரலிலேயே ஆளைக் கட்டிப்போடுகிறவர். "வாரேன்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு என்னையே திட்டிக்கொண்டேன்.

எங்கள் கம்பெனி என்றால் நானும் இசக்கிராஜாவும்தான். திருநெல்வேலியில் மாடியில் ஒரு அறை. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கரண்டு வேண்டும், ஈ.பி. கரண்டு போனால் எது ஓடியே ஆக வேண்டும், எது நின்றால் பரவாயில்லை, சோலார் எங்கே போடலாம், ஜெனரேட்டர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அளந்து பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுப்போம். வயர் இழுப்பது வேறு ஆட்கள். "எழுதிக் குடுக்கதுக்கெல்லாமா ஆள் வைப்பாவ?" என்று என் மாமியார் இன்றுவரை கேட்கிறார்.

போய்ப் பார்த்தால் அது ஆஸ்பத்திரி இல்லை, மூன்று கட்டடத்தின் அவியல். முன்னால் இருப்பது ஒரு பழைய வீடு. நடுவில் இருப்பது முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. பின்னால் மாவு மில். டிரஸ்ட் ஒவ்வொன்றாக வாங்கிச் சுவரை இடித்து ஒன்றாக்கியிருந்தது. சுவரைத்தான் இடித்தார்கள், வயரை யாரும் நினைக்கவில்லை. ஒரு வார்டில் லைட் வீட்டு லைனில் எரிகிறது, ஃபேன் மண்டபத்து லைனில் சுற்றுகிறது. மண்டபத்தில் மணமேடை இருந்த இடம் இப்போது எக்ஸ்ரே அறை. மூன்று மொட்டைமாடியும் மூன்று உயரம். கீழே ஜெனரேட்டர் வைக்கத் தோதான ஒரே காலி இடத்தில், வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய புற்று. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சங்கரன்கோவிலில் புற்றை நகர்த்தலாமா என்று கேட்கிறவளுக்கு இந்தப் பக்கம் வேலையே கிடைக்காது. படத்தில் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு ஜெனரேட்டரை மில் பக்கம் தள்ளிவிட்டேன்.

கூடவே சுற்றி வந்தவர் மருதப்பன். ஆஸ்பத்திரி எலக்ட்ரீசியன், நாற்பத்தைந்து வயது இருக்கும். எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்குமுன் "டயாலிசிஸ் வந்துரும்லா மேடம்?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்வார். பத்தாவது முறை எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"அளக்காம நான் எப்படிச் சொல்ல? ஜோசியமா பாக்கேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

அன்று மத்தியானம்தான் அவர் மனைவி சங்கரேஸ்வரியைப் பார்த்தேன். வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். மூன்று வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் பஸ் ஏறித் திருநெல்வேலி போய், மிஷினில் நாலு மணி நேரம் படுத்திருந்து, திரும்ப பஸ் பிடித்து, பொழுது சாயும்போது வீடு வந்து சேர்கிறாள். அன்று அவளுக்கு இடைப்பட்ட நாள், புருஷனுக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள்.

"போற நாளு பஸ்ஸோட போயிருதுக்கா. மறுநாளு படுக்கையோட போயிருது. அடுத்த நாளு திரும்பவும் பஸ்ஸு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு மருதப்பன் மேல் எரிந்து விழுந்ததற்கு எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

டிரஸ்டுக்கு வேறொரு ஊரிலும் ஒரு ஆஸ்பத்திரி உண்டு. வரப்போகும் ஆறு மிஷினும் இரண்டு ஆஸ்பத்திரியில் ஒன்றுக்குத்தான். இங்கே கரண்டு தாங்காது என்று நான் எழுதினால் எல்லாம் அங்கே போய்விடும். புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைக்கும்வரை யாரும் காத்திருக்கத் தயாராக இல்லை.

ஒரு வாரம் ஓடும்படி அளவு மிஷினை மெயின் போர்டில் மாட்டினோம். நிமிஷத்துக்கு நிமிஷம் எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று அது எங்கள் போனுக்கு அனுப்பிவிடும். மாட்டி முடித்து, இசக்கிராஜா கேன்டீன் வடையை வாயில் திணித்துக்கொண்டு, மருதப்பனிடமும் நர்ஸுகளிடமும் பெரிய மனுஷன் போலச் சொன்னான்: "இதுல லோடு கூடக் காட்டிச்சுன்னா வம்புதான். கம்மியாக் காட்டணும்னு கும்பிட்டுக்கோங்க."

வடை தின்கிற வாய் வடையோடு நின்றிருக்கலாம்.

அந்த வாரம் போனைப் பார்க்கப் பார்க்க எனக்கு வாயெல்லாம் பல். நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. "அக்கா, தாராளமா இடமிருக்கு. ஆறு மிஷின் என்ன, பத்து மிஷின் போடலாம்" என்று குதித்தான் இசக்கிராஜா. எனக்கும் சந்தோஷம்தான். சந்தோஷம் வந்தால் மூளை லீவு போட்டுவிடுகிறது. வைகாசி வெயிலில் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இவ்வளவு குறைவாகவா கரண்டு தின்னும் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் ஜெனரேட்டர் அளவைக் குறித்து, படம் போட ஆரம்பித்துவிட்டேன்.

சிவகிரியில் சித்தி மகள் கல்யாணம். போகிற வழியில் மண்டபத்து மாடியின் அளவு ஒன்றைச் சரிபார்க்கலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் இறங்கினேன்.

உள்ளே நுழைந்ததும் பகீர் என்றது. பட்டப்பகலில் வராந்தா இருட்டாக இருந்தது. ஒரு ஃபேன் சுற்றவில்லை. நோயாளிகளுக்கு அவர்கள் சொந்தக்காரர்கள் எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் வாசலில் குறுக்கே நாற்காலி போட்டிருந்தது. ஒரு பெரியவரை இரண்டு பேர் நாற்காலியோடு மாடிப்படியில் தூக்கிப்போனார்கள். அவரோ பல்லக்கில் போகிறவர்போலக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பின்கட்டில் பெட்ஷீட்டைக் கல்லில் அடித்துத் துவைத்தார்கள். கேன்டீனில் எங்கிருந்தோ ஒரு அம்மியைக் கொண்டுவந்து போட்டுத் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டு இல்லையாம்மா?" என்று விசிறிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் கேட்டேன்.

"ஷ்ஷ், மெதுவாப் பேசுங்க. மிஷின் பரிட்சை நடக்கு. கரண்டு கம்மியா ஓடுனாத்தான் பாஸாம். இன்னும் ரெண்டு நாளு, பல்லைக் கடிச்சிட்டு இருந்துட்டம்னா டயாலிசிஸ் வந்துரும்" என்று காதோடு சொன்னாள் அவள். அவள் மகனுக்குக் காலில் கட்டு. அவனும் ஆமாம் என்று தலையாட்டினான்.

தெரியாமல்தான் கேட்கிறேன், இந்த மாதிரி ஒரு தப்பை வேறு எந்த ஊரிலாவது செய்வார்களா? ஆபீசர் வந்தால் சுவருக்கு வெள்ளையடித்து, பிள்ளைகளுக்குத் தலைவாரி நிறுத்துகிற அதே புத்தி. அளக்க வந்தவளுக்கு நல்லபடியாகக் காட்ட வேண்டுமாம்! கல்யாணப் பட்டுப்புடவையோடு மேனேஜர் அறைக்குள் புயல் மாதிரி நுழைந்தேன்.

"பேகம்மா, என்ன கூத்து இது?"

ஷம்சாத் பேகம் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி எழுந்தார். ஏ.சி. அறையில் ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. பின்னாலேயே மருதப்பன் ஓடிவந்தார்.

"நாந்தான் மேடம். எல்லாத்தையும் நாந்தான் அணைச்சேன். பேகம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"யாருவே தெரியாதுன்னது? ஏ.சி.யை அணைக்கச் சொன்னதே நாந்தான். லிஃப்ட்டும் நாந்தான்" என்றார் பேகம்மா.

"லிஃப்டு நான்."

"இல்ல, நாந்தான்."

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினேன். "பெருமைக்குச் சண்டை போட்டது போதும். மருதப்பன் அண்ணாச்சி, நீங்க எலக்ட்ரீசியன்தானே? நீங்க காட்டுன அளவுக்கு நான் ஒரு சின்ன ஜெனரேட்டர் எழுதிக் குடுக்கேன்னு வைங்க. டயாலிசிஸ் ஓடுது. எல்லா ஏ.சி.யும் ஓடுது, லிஃப்டு ஓடுது, மோட்டாரு ஓடுது. கரண்டு போவுது. ஜெனரேட்டர் இத்தனையையும் தூக்குமா?"

அவர் சட்டைப் பையில் இருந்த டெஸ்டரை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"தூக்காது. படுத்துரும். மிஷினுக்குள்ள இருக்க பேட்டரி கொஞ்ச நேரந்தான் ரத்தத்தைச் சுத்தவிடும். அதுக்குள்ள கரண்டு வரலைன்னா, மிஷின்ல இருக்க ரத்தத்தைத் திரும்ப உடம்புல ஏத்திட்டு பாதியில எழுப்பி அனுப்ப வேண்டியதுதான். அதையும் செய்ய முடியாமப் போனா, அந்த ரத்தம் குழாய்க்குள்ளயே உறைஞ்சு போகும். அந்தக் கட்டில்ல யாரு படுத்திருப்பா?"

மருதப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்ல" என்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "மூணு வருசமா அவ பஸ்ஸுல போறதைப் பாத்துட்டு இருக்கேன் மேடம். ஒரு வாரம் ஃபேனை அணைச்சா முடிஞ்சிரும்னு நெனச்சிட்டேன்."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பேகம்மா ஒரு டம்ளர் தண்ணீரை என்னிடம் நீட்டினார், நான் அதை மருதப்பனிடம் கொடுத்தேன்.

கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது.

டிரஸ்டுக்குப் போன் செய்து, இன்னும் ஒரு வாரம் அளக்க வேண்டும் என்றேன். முடிவெடுக்கிற மீட்டிங்குக்கு முந்தின நாள்வரைதான் பொறுக்க முடியும், அந்த இன்னொரு ஊரின் ரிப்போர்ட் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்றார்கள். எல்லாவற்றையும் வழக்கம்போல ஓடவிட்டு மறுபடி அளந்தோம். நான் பயந்தபடியே ஆயிற்று. காலையில் எட்டிலிருந்து பதினொன்றுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு முட்ட ஓடியது. அந்த நேரத்தில்தான் சலவை மிஷின், இஸ்திரி, போர் மோட்டார், வெந்நீர் ஹீட்டர், கேன்டீன் கிரைண்டர், ஓ.பி. ஏ.சி. எல்லாம் ஒன்றாக ஓடின. ஆறு மிஷின் இருக்கட்டும், ஒன்றை வைக்கக்கூட இடமில்லை.

இசக்கிராஜா வடையே தின்னவில்லை. "என்னக்கா எழுதப் போறிய?" என்றான்.

"இருக்கதை எழுதுவேன். வேற என்னத்தைச் செய்ய?"

சொல்லிவிட்டேனே தவிர, எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சங்கரேஸ்வரி பையோடு நின்று சிரித்தது கண்ணுக்குள்ளேயே இருந்தது. கம்ப்யூட்டரில் இரண்டு வாரத்துக் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு வெறித்துக்கொண்டிருந்தேன். மேலே நிஜ வாரம், ஏறி இறங்கிக் கூத்தாடியது. கீழே பொய் வாரம். அதை அழித்துவிடலாம் என்று போனவள் நின்றேன்.

பொய் வாரத்திலும் கோடு தரையைத் தொடவில்லை. ஏதோ ஒரு அளவில் பிடிவாதமாக ஓடிக்கொண்டேயிருந்தது. அவ்வளவு வெறியோடு எல்லாவற்றையும் அணைத்தவர்கள் அதை மட்டும் ஏன் விட்டார்கள்?

மருதப்பனுக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, அந்த வாரம் எதையெல்லாம் அணைக்காம விட்டிய?"

மறுபடி திட்டப்போகிறேன் என்று நினைத்து மனுஷர் தடுமாறினார். "மேடம், பச்சப்பிள்ளைக வார்டு ஹீட்டரு... ஐ.சி.யு.... ஆக்சிஜன் மிஷினு... ஆபரேஷன் தியேட்டரு... தடுப்பூசி ஃபிரிட்ஜு, ரத்தம் வைக்க ஃபிரிட்ஜு... அதையெல்லாம் எப்படி மேடம் அணைக்க மனசு வரும்?"

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

என் தொழிலில் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான்: கரண்டு போனால் எது நிற்கவே கூடாது? இதற்கு ஒழுங்கான பதில் இதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒவ்வொரு டாக்டரும் தன் அறை ஏ.சி.தான் உயிர்நாடி என்பார். கேன்டீன்காரர் கிரைண்டர் நின்றால் நோயாளி பட்டினி என்பார். கடைசியில் எல்லாமே முக்கியம் என்று எழுதி, மலை போல ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்து, டீசலுக்கு அழுவார்கள். இங்கேயோ நோயாளி, நர்ஸ், டாக்டர், சமையல்காரர் எல்லாரும் ஒரு வாரம் வேர்த்து விறுவிறுத்து, எது இல்லாமல் இருக்க முடியும், எது இல்லாமல் முடியாது என்று தாங்களே அளந்து காட்டியிருக்கிறார்கள். நான் அதைப் பொய் வாரம் என்று அழிக்கப் பார்த்தேன்.

"ஏலே ராஜா, வடை வாங்கிட்டு வா" என்றேன். "உக்காந்து வேலை பாக்கணும்."

திட்டம் அதற்கப்புறம் தானாக வந்தது. அணைக்க மனம் வராதவை எல்லாவற்றுக்கும் தனி வயர், தனி போர்டு, அதற்கென்று ஒரு ஜெனரேட்டர், அது ஓட ஆரம்பிக்கும்வரை தாங்க பேட்டரி. டயாலிசிஸ் அந்தக் கூட்டத்தில் சேரும். மற்றதெல்லாம் கரண்டு போனால் சும்மா கிடக்கட்டும். சலவையும் போர் மோட்டாரும் காலை நெரிசலை விட்டு மத்தியான வெயிலுக்குத் தள்ளிப்போகும், மண்டபத்து மாடி சோலார் அவற்றைப் பார்த்துக்கொள்ளும். வெந்நீருக்கும் சூரியன்தான். இப்படிச் செய்தால் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரே போதும். ஆனால் ஆறு மிஷின் வராது, நாலுதான். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தோம், நாலுக்குமேல் நகரவில்லை.

மீட்டிங்கில் இரண்டு வாரத்தையும் அப்படியே வைத்தேன். பேகம்மாவிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன், மறைத்து எழுத எனக்கு வராது என்று. டிரஸ்ட் தலைவர், வயதான டாக்டர், கண்ணாடியை இறக்கி இரண்டு கோடுகளையும் பார்த்தார்.

"முதல் வாரம் ஏன் இவ்வளவு கம்மி?"

நான் வாயைத் திறக்குமுன் பேகம்மா எழுந்துவிட்டார். "நாங்கதான் சார் அணைச்சு வச்சோம். கம்மியாக் காட்டினா டயாலிசிஸ் தருவீங்கன்னு நெனச்சோம். தப்புத்தான். என்ன நடவடிக்கை எடுத்தாலும் என் மேல எடுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏ.சி. இல்லாம டாக்டர்களும் இருந்தாங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"இருந்தாங்க சார். ஒருத்தர் மட்டும் லீவு போட்டுட்டுக் கொடைக்கானல் போயிட்டாரு."

முதலில் சிரித்தது தலைவர்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து அவர் என்னைப் பார்த்தார். "அந்த ஊர் ரிப்போர்ட்ல எல்லாமே முக்கியம்னு எழுதியிருக்காங்கம்மா. அது எதுக்கும் உதவாது. இவங்க நாலு மிஷினை ஒழுங்காப் பாத்துப்பாங்க." அப்படியே முடிந்தது. வெளியே வந்ததும் பேகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா உங்களை நல்லா வைக்கணும்" என்றார். நானும் அவர் கையை அழுத்தினேன்.

வேலை முடிய மழைக்காலம் தாண்டிவிட்டது. முதல் நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் நானும் போயிருந்தேன். நாலு கட்டிலில் ஜன்னலோரத்தில் சங்கரேஸ்வரி. மருதப்பன் உள்ளே வராமல் புது போர்டு பக்கத்திலேயே நின்றார். சரியாக அன்று பார்த்து ஈ.பி.யின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். ஒன்பது மணிக்கு வராந்தா ஃபேனெல்லாம் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஜெனரேட்டர் ஒரு உறுமல் உறுமி எடுத்தது. மிஷின் விளக்கு ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. சங்கரேஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போய் மருதப்பன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டேன், சந்தோஷத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

டயாலிசிஸ் முடிந்து, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, சங்கரேஸ்வரி மெதுவாக வெளியே வந்தாள். வேப்பமர நிழலில் போட்டிருந்த நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருதப்பன் ஆட்டோ கூப்பிட ஓடினார்.

"மணி என்னக்கா?"

"பத்தரை."

"பத்தரையா?" நம்பாமல் என் போனை எட்டிப் பார்த்தாள். பிறகு வெளியே ரோட்டைப் பார்த்தாள், வெயில் இன்னும் உச்சிக்கு ஏறக்கூட இல்லை. ஆட்டோ வந்து நின்றது. மருதப்பன் கையை நீட்டினார், அவள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போயி வேலையப் பாருங்க. நான் இங்கன கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு வாரேன்" என்றாள். "பஸ்ஸு ஒண்ணும் பிடிக்க வேண்டாம்லா."